மேலே மணல், கீழே கல்லும் களியும்: மேசன் பக்கத்து மண் பற்றி ஒரு சந்தேகம்

கொல்லைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். மிஷிகனில் லான்சிங்குக்குத் தெற்கே, மேசன் ஊருக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் மனையோடு ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறோம். பின்பக்கம் டெக் (தூண்கள் மேல் நிற்கும் மரத் தளம்) போடுவதற்காகக் குழி தோண்ட ஆரம்பித்தேன். இங்கே குளிர்காலத்தில் மண் உறைவதால் 42 அங்குலமாவது போக வேண்டும் என்பது விதி. (தோண்டுவதற்கு முன் 811-ஐக் கூப்பிட்டு கேஸ், மின்சாரக் குழாய்களுக்கு அடையாளம் போட்டாயிற்று. யாரும் திட்ட வேண்டாம்.)

மேலே ஒரு சாண் கறுத்த மண். அதற்குக் கீழே மஞ்சள் கலந்த பழுப்பு மணல். கையால் சுழற்றும் ஆகர் சரசரவென்று இறங்கியது. இரண்டரை அடியில் டக்கென்று நின்றுவிட்டது. கீழே இருப்பது வேறு மண்: செம்பழுப்பு, கடும் இறுக்கம், ஈரமாக்கி உருட்டினால் புரி வருகிறது. உள்ளே கற்கள் வேறு, கோலி அளவிலிருந்து தேங்காய் அளவு வரை. கடப்பாரை போட்டுத்தான் மீதி ஒரு அடியை முடித்தேன்.

என் குழப்பம் இதுதான். ஏப்ரலில் தோண்டிய குழியில் இரண்டடிக்குத் தண்ணீர் ஏறி, வாரக் கணக்கில் இறங்கவே இல்லை. பேஸ்மென்ட்டில் ஊறிச் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்பும் அந்த மாதம் முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது. ஜூலை வந்தால் அதே இடத்தில் புல் கருகுகிறது. அரசாங்க மண் வரைபடத்தை இணையத்தில் பார்த்தேன். ‘மெட்டியா லோமி சேண்ட், நன்றாக வடியக்கூடியது’ என்று போட்டிருக்கிறது. (மெட்டியா என்பது மண் வகையின் பெயர், லோமி சேண்ட் என்றால் கொஞ்சம் நுண்மண் கலந்த மணல்.) அதை நம்பித்தான் ஒரு கான்ட்ராக்டர், “மணல் பூமிதானே, ஒரு ட்ரை வெல் போதும்” என்று சொல்லி, கூரைத் தண்ணீருக்கு நாலடி ஆழத்தில் ஜல்லி நிரப்பிய குழி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். முதல் கனமழையிலேயே நிரம்பி வழிந்தது. இப்போது போனை எடுப்பதில்லை.

இந்த மணல் எப்படி இதன் மேல் வந்து உட்கார்ந்தது? ஒரே இடத்தில் ஏப்ரலில் சேறு, ஜூலையில் வறட்சி, இது எப்படி? அப்புறம், ஆப்பிள், பேரி, கொஞ்சம் ப்ளூபெர்ரி வைக்க ஆசை. வைக்கலாமா?

மூன்றாம்_தெரு:

எனக்கென்னவோ அது வீடு கட்டியபோது கொட்டிய ஃபில் மணல் என்றுதான் தோன்றுகிறது. எங்கள் சப்டிவிஷனில் அப்படித்தான், மேலே எல்லாம் லாரியில் வந்தது. மணலுக்குக் கீழே பழைய கறுத்த மேல்மண் புதைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கொல்லைக்காரன்:

பார்த்தேன் நண்பரே. கறுத்த மண் கீழே எங்குமே இல்லை, மேலே மட்டும்தான். மனையின் கடைசியில் பெரிய ஓக் மரங்கள் உள்ள காட்டுப் பகுதியிலும் ஆகர் விட்டுப் பார்த்தேன், அங்கும் அதே கதை. சில இடங்களில் மணல் மூன்றடி, சரிவின் கீழே இரண்டடி. அந்த மரங்களுக்கு நூறு வயதாவது இருக்கும். அங்கே யார் லாரி ஓட்டியிருப்பார்கள்?

குழிபார்க்கும்_அக்கா:

தம்பி, உங்கள் குழியை நேரில் பார்க்காமலேயே பாதி சொல்லிவிடலாம். நான் இதே மாநிலத்தில் செப்டிக் அனுமதிக்காக நிலத்தில் குழி வெட்டி மண் பார்க்கிறவள். பேக்ஹோ தோண்டி முடித்ததும் உள்ளே இறங்கி, சுவரைக் கத்தியால் சுரண்டி, எந்த ஆழத்தில் என்ன என்று எழுதுவதுதான் பிழைப்பு. நீங்கள் சொல்லும் இந்த இரண்டு அடுக்கை அடிக்கடி பார்க்கிறேன்.

கீழே இருப்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதற்குப் பெயர் டில். பனியாறு நேரடியாக விட்டுப்போன மண். ஓடும் தண்ணீர் எதையும் தரம் பிரித்துத்தான் போடும்: வேகமாக ஓடும் இடத்தில் ஜல்லி, மெதுவான இடத்தில் மணல், தேங்கும் இடத்தில் களி. பனிக்கட்டிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. களியையும் வண்டலையும் (களியைவிடப் பெரிய, மணலைவிடச் சிறிய துகள்) மணலையும் பாறையையும் ஒன்றாக அரைத்து, இழுத்துவந்து, ஒன்றாகவே போட்டுவிடும். அதனால்தான் கோலி அளவுக் கல்லும் தேங்காய் அளவுக் கல்லும் ஒரே பிடி மண்ணில் உங்களுக்குக் கிடைக்கின்றன. மணல், வண்டல், களி மூன்றும் கலந்திருப்பதால் லோம் என்கிறோம். நூற்றுக்கணக்கான மீட்டர் தடித்த பனிக்கு அடியில் அழுத்திப் படிந்தது என்பதால் அந்த இறுக்கம். சாதாரண மணல் ஒரு கன சென்டிமீட்டர் 1.5 கிராம் இருந்தால் இறுகிய டில் 1.8 கிராம் வரை போகும். கூடுதல் எடை என்றால் துவாரம் குறைவு. வேருக்கும் கஷ்டம், தண்ணீருக்கும் கஷ்டம்.

உங்கள் பகுதிக்கு வந்தது, பனியுகத்தில் கனடாவை மூடியிருந்த லாரன்டைட் பனிப்படலத்தின் சாகினா கிளை. சாகினா விரிகுடா பக்கமிருந்து தென்மேற்காக நீண்டு வந்த நாக்கு அது. லான்சிங் சுற்றுவட்டாரத்தை விட்டு அது பின்வாங்கி ஏறத்தாழ 16,000, 17,000 ஆண்டுகள் இருக்கும். நீங்கள் கடப்பாரையால் பெயர்த்த கற்களைக் கழுவிப் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லும் ஷேலும் மிஷிகன் சரக்கு. கிரானைட்டும் நைஸ் என்ற வரிப்பாறையும் இருந்தால் அவை கனடாவிலிருந்து வந்தவை. கீழ் மிஷிகனில் அந்தப் பாறை மேலே தெரியும் இடமே கிடையாது. வெள்ளைப் பாறையில் சிவப்பு ஜாஸ்பர் கூழாங்கற்கள் பதிந்தது ஒன்று கிடைத்தால் பத்திரமாக வையுங்கள். இங்கே அதைப் புட்டிங்ஸ்டோன் என்பார்கள். ஹ்யூரான் ஏரியின் வடகரையில், ஒன்டாரியோவின் புரூஸ் மைன்ஸ் பக்கத்துப் பாறை அது. 200 கோடி ஆண்டுக்கும் மேல் வயதானது. பனிதான் சுமந்துகொண்டு வந்தது.

இனி மேலே உள்ள மணல். இது டில்லிலிருந்து உருவான மண் இல்லை, அதன் மேல் தனியாக வந்து சேர்ந்த இன்னொரு படிவு. இதை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் மற்ற கேள்விகளுக்கெல்லாம் வழி கிடைத்துவிடும். மண் ஆய்வுக்காரர்கள் அடுக்குகளுக்கு எழுத்துப் பெயர் வைப்பார்கள். மேலிருந்து கீழே வரும்போது மூலப்பொருள் மாறினால், மாறும் இடத்திலிருந்து பெயருக்கு முன்னால் 2 என்ற எண் வரும். மெட்டியா வகை மண்ணின் விவரணையை எடுத்துப் பாருங்கள், மணல் அடுக்குகளுக்கு எண் இல்லை, லோம் தொடங்கியதும் 2 வந்துவிடும். அந்த வகைக்கு வரையறையே இதுதான்: 20 முதல் 40 அங்குலம் மணல், அதற்குக் கீழே லோம் டில். உங்கள் இரண்டரை அடி அதற்குள் நன்றாகப் பொருந்துகிறது.

மணல் வந்து சேர மூன்று வழி உண்டு. பனி உருகிய தண்ணீர் டில்லின் மேல் மெல்லிய விரிப்பாக மணலைப் பரப்பிவிட்டுப் போயிருக்கலாம். உருகுதண்ணீருக்கு உங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. மேசன் எஸ்கர் என்று பெயர் வாங்கிய மணல்-ஜல்லி மேடே பனிக்கு அடியில் ஓடிய ஆறு விட்டுப்போனதுதான். (அதில் பெரும்பகுதியை ஜல்லிக்காக வெட்டித் தீர்த்துவிட்டார்கள் என்பது வேறு கதை.) இரண்டாவது, காற்று. பனி போன புதிதில் புல் இல்லை, மரம் இல்லை, எங்கு பார்த்தாலும் வெறும் மணல் சமவெளி. காற்று அடித்தால் அது பக்கத்து மேட்டில் ஏறிப் படியும். மூன்றாவது, ஏரி. பனி வழிமறித்ததால் தேங்கிய பெரிய ஏரிகளின் அலைகள் டில்லைக் கழுவி, கரையோரம் மணலைச் சேர்த்தன. டிட்ராய்ட்டுக்கு வடக்கே மேகம்ப் கவுண்டி பக்கம் இப்படிப்பட்டது நிறைய. உங்களுக்கு மூன்றாவது பொருந்தாது. சாகினா ஏரி நின்றது உங்களுக்கு வடக்கே, தாழ்ந்த நிலத்தில். மேசன் அதைவிட உயரம்.

முதலாவதா இரண்டாவதா என்று நீங்களே பார்க்கலாம். மணலைக் காயவைத்து மாவுச் சல்லடையில் சலியுங்கள். காற்று கொண்டுவந்த மணல் நுண்ணியது முதல் நடுத்தரம் வரை, கிட்டத்தட்ட ஒரே அளவு, கூழாங்கல் இருக்காது. தண்ணீர் கொண்டுவந்ததில் அங்கங்கே ஜல்லி மாட்டும். அப்படியே மணலும் டில்லும் சந்திக்கும் கோட்டில் கற்கள் வரிசையாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஏப்ரல், ஜூலை விவகாரத்துக்கு இரவு எழுதுகிறேன். இப்போது ஒரு குழி காத்திருக்கிறது.

பயிரும்_மண்ணும்:

அக்கா சொல்வதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. நான் வேளாண்மை படித்தவன். மண்ணியல் வகுப்பில் முதலில் சொல்லித்தருவதே, மழைநீர் மேல் அடுக்கிலிருந்து களியைக் கழுவிக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதுதான். மெட்டியாவும் மண் வகைப்பாட்டில் ஆல்ஃபிசால் என்ற வரிசையில்தான் வருகிறது. அந்த வரிசைக்கு அடையாளமே கீழ் அடுக்கில் களி சேர்ந்திருப்பது. 16,000 ஆண்டு என்பது நிறைய நேரம். மேலே களி போய் மணல் மிஞ்சியது, கீழே களி சேர்ந்தது. இதற்குப் போய் தனியாக ஒரு மணல் படிவு எதற்கு?

குழிபார்க்கும்_அக்கா:

நல்ல கேள்வி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

இந்தப் பக்கத்து டில்லில் உத்தேசமாக 20 சதம் களி, 35 சதம் வண்டல், 45 சதம் மணல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை அதிலிருந்த களியில் ஒரு துளி விடாமல் கழுவிவிட்டது என்றே வைப்போம். (அப்படி எந்த மழையும் செய்ததில்லை.) மிச்சம் 80 பங்கு. அதில் வண்டல் 44 சதம், மணல் 56 சதம். அது சேண்டி லோம். கையில் எடுத்தால் மாவு போல வழவழப்பு தெரியும். ஆனால் தம்பியின் மணல் வண்டல் மிகக் குறைந்த லோமி சேண்ட், 80 சதத்துக்கு மேல் மணல் இருக்கும். அப்படியானால் வண்டல் எங்கே போனது? களி போவது மாதிரி வண்டல் அத்தனை எளிதாகக் கீழே இறங்காது. அந்தக் கற்கள்தான் எங்கே போயின? கீழே தேங்காய் அளவுக் கல், மேலே சல்லடையில் ஒரு கூழாங்கல் இல்லை என்றால் மழை கல்லையுமா கரைத்துக்கொண்டு போயிற்று?

ஆய்வுக்கூடத்தில் செய்வதும் இதேதான். களியை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் நுண்மணல், நடுமணல், பருமணல் விகிதத்தை அடுக்கு அடுக்காக ஒப்பிடுவார்கள். ஒரே மூலப்பொருளென்றால் விகிதம் மெதுவாகத்தான் மாறும். ஓரிடத்தில் சட்டென்று குதித்தால் அங்கே படிவு மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

நீங்கள் சொல்லும் களிநகர்வும் நடந்திருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. டில்லின் மேல் அரையடியைப் பெயர்த்து, கட்டிகளின் முகத்தை லென்ஸில் பார்த்தால் மெழுகு பூசினாற்போல் களிப்படலம் மின்னும். மேலிருந்து வந்த களி அங்கே நின்றிருக்கிறது. மணல் நல்ல ஆழமாக இருக்கும் இடங்களில், ஸ்பிங்க்ஸ் என்ற வகையில் குறிப்பாக, களி மணலுக்குள்ளேயே மெல்லிய செம்பழுப்பு வரிகளாகப் படுத்திருக்கும். குழிச் சுவரில் அந்த வரிகளைப் பார்ப்பது இந்த வேலையில் எனக்குக் கிடைக்கும் சில சந்தோஷங்களில் ஒன்று. ஆனால் அதெல்லாம் இரண்டு படிவும் வந்து சேர்ந்த பிறகு மண் தன் பாட்டுக்குச் செய்த வேலை. மணலை அது உண்டாக்கவில்லை.

சரி, ஏப்ரலும் ஜூலையும்.

மணலில் தண்ணீர் மணிக்கு 6 அங்குலத்துக்கு மேல் இறங்கும். இந்த டில்லில் அரை அங்குலம் இறங்கினாலே நல்லது, இறுகிய இடத்தில் அதுவும் கிடையாது. மார்ச், ஏப்ரலில் பனி உருகுகிறது, மழையும் பெய்கிறது, மரங்களில் இலை இல்லாததால் உறிஞ்சவும் ஆளில்லை. மணல் வழியாக விறுவிறுவென்று இறங்கிய தண்ணீர் டில்லின் முதுகில் வந்து நின்றுவிடுகிறது. உண்மையான நிலத்தடி நீர்மட்டம் இன்னும் எத்தனையோ அடி கீழே. உங்கள் குழியில் பார்த்தது இந்தத் தற்காலிக நீர்மட்டம். அது சும்மாவும் நிற்காது. டில்லின் சரிவில் பக்கவாட்டில் நகரும். வழியில் ஒரு பேஸ்மென்ட் இருந்தால், அதைச் சுற்றித் தோண்டித் தளர்வாக நிரப்பிய மண்ணுக்குள் இறங்கும். உங்கள் சம்ப் பம்ப் ஏன் ஓடுகிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

அந்த ட்ரை வெல் கதையும் இதுதான். நாலடிக் குழியின் அடிப்பாகம் ஒன்றரை அடி டில்லுக்குள் இருக்கிறது. சுற்றுப்புற மணலில் நிற்கும் தண்ணீரெல்லாம் அந்தத் தொட்டிக்குள்தான் வடியும். கூரைத் தண்ணீருக்கு அங்கே இடமேது? வரைபடத்தை மட்டும் பார்த்துக் குழி வெட்டுகிறவர்களை நான் நிறையவே பார்த்துவிட்டேன். வரைபடம் பொய் சொல்லவில்லை, ஆனால் அது பல ஏக்கருக்கு ஒரு பெயர் போடும். ‘மெட்டியா’ என்று வரைந்த வட்டத்துக்குள் தாழ்வான மூலையில் வேறு வகை ஒளிந்திருக்கும். இதே மணல், இதே டில், ஆனால் வடிகால் மட்டமான ஒரு வகைக்கு செல்ஃப்ரிட்ஜ் என்று பெயர். மணலின் அடிப்பகுதியில் சாம்பல் திட்டும் துரு நிறப் புள்ளியும் கலந்து தெரிந்தால், வருடா வருடம் அந்த உயரம் வரை தண்ணீர் நிற்கிறது என்று பொருள். காற்றில்லாமல் ஊறிக்கிடக்கும்போது இரும்பு கரைந்து நகர்ந்து, காற்றுப் படும் இடத்தில் துருவாகப் படிகிறது. ஆகஸ்டில் எலும்பாகக் காய்ந்த குழியிலும் அந்தப் புள்ளிகளைப் பார்த்து ஏப்ரல் தண்ணீரின் உயரத்தைச் சொல்லிவிடலாம். செப்டிக் அனுமதியில் நாங்கள் முதலில் தேடுவது இதைத்தான். மிஷிகனில் மாநிலம் முழுக்கப் பொதுவான செப்டிக் சட்டம் கிடையாது, கவுண்டிக்குக் கவுண்டி விதி மாறும். இந்தப் புள்ளி என்ன உயரத்தில் இருக்கிறது என்ற கேள்வி மட்டும் எங்கேயும் மாறாது.

ஜூலைக்கு வருவோம். லோமி சேண்ட் ஓரடிக்கு ஏறத்தாழ 1 அங்குலம் தண்ணீரைத்தான் செடிக்காகப் பிடித்துவைக்கும். லோம் என்றால் 2 அங்குலம். கோடை உச்சத்தில் புல் ஒரு நாளைக்குக் கால் அங்குலம் வரை குடிக்கும். அதன் வேரில் பெரும்பகுதி மேல் ஓரடிக்குள். அப்புறமென்ன, நாலைந்து நாள் மழை இல்லையென்றால் இருப்பு காலி. பின்னால் நிற்கும் ஓக் மரத்துக்கு அந்தக் கவலை இல்லை, அது டில்லில் வேர் விட்டிருக்கிறது. அடுத்த ஜூலையில் கவனியுங்கள். புல் பழுப்பாகக் கிடக்கும்போதும் மரம் பச்சையாக இருக்கும்.

நார்ஃபோக்_வாசி:

இந்தத் திரியைப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. நான் ஒன்டாரியோவில், ஈரி ஏரிக்கு வடக்கே நார்ஃபோக் மணல் சமவெளியில் இருக்கிறேன். இங்கே மணல் வந்தது ஏரி வழியாக. பனிக்கால ஏரிகளில் கலந்த ஆறு கொண்டுவந்து கொட்டிய டெல்டா. கீழே சில இடத்தில் ஏரிக் களி, சில இடத்தில் டில். மணல் சில அடி மட்டுமே இருக்கும் நிலமும் உண்டு, இறங்கிக்கொண்டே போகும் நிலமும் உண்டு.

கொல்லைக்காரருக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: மணலை மொட்டையாக விடாதீர்கள். இந்த ஊரில் காட்டை வெட்டி உழுத பிறகு மணல் பறக்க ஆரம்பித்து, வேலிகளைக்கூட மூடியது. அதைத் தடுக்கத்தான் 1908-ல் செயின்ட் வில்லியம்ஸில் அரசாங்க மர நாற்றங்கால் தொடங்கினார்கள். எட்மண்ட் ஸாவிட்ஸ் என்பவர் அதற்கு முன்னின்றார். இன்றைக்கும் அந்தப் பைன் தோப்புகள் நிற்கின்றன. அதன் பிறகு 1920-களில் புகையிலை வந்தது. சத்தில்லாத மணல் என்பதே புகையிலைக்கு வசதியாகிவிட்டது, விவசாயி உரத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ளலாம். இப்போது அதே நிலத்தில் ஜின்செங், காய்கறி.

பழமரம் பற்றி என் அனுபவம்: டில் இரண்டு, மூன்றடியில் இருக்கும் துண்டில் ஆப்பிள் நன்றாக வருகிறது. ஆழ மணல் துண்டில் சொட்டுநீர் இல்லாமல் முடியாது. அக்கா என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

கொல்லைக்காரன்:

அக்கா, பார்த்துவிட்டேன். சல்லடையில் கூழாங்கல் கிட்டத்தட்ட இல்லை, எல்லாம் ஒரே அளவுப் பொடி மணல். ஆனால் இரண்டரை அடிக் கோட்டில் கற்கள் நெருக்கமாக ஒரு வரிசை இருக்கிறது, அதன் மேல் மணல், கீழே டில். சரிவின் கீழ்ப்பக்கத்தில் நீங்கள் சொன்ன சாம்பலும் துருவும் 20 அங்குலத்திலேயே ஆரம்பிக்கின்றன. மேட்டில் அப்படி எதுவும் இல்லை. குழியின் அடி மண்ணில் வீட்டம்மா சமையலறை வினிகரை ஊற்றிப் பார்த்தார், பொங்குகிறது. மேல் மணலில் ஊற்றினால் சும்மா உறிஞ்சிக்கொள்கிறது. புட்டிங்ஸ்டோன் கிடைக்கவில்லை, ஆனால் இளஞ்சிவப்புக் கிரானைட் நிறைய.

குழிபார்க்கும்_அக்கா:

வினிகர் சோதனையை நானே சொல்லியிருக்க வேண்டும், வீட்டம்மாவுக்குப் பாராட்டு.

பொங்குவது டில்லில் அரைபட்டுக் கிடக்கும் சுண்ணாம்புக்கல். இத்தனை ஆயிரம் ஆண்டு மழை அதை மேலிருந்து கரைத்துக்கொண்டே வந்து, உங்கள் குழியில் மூன்றரை அடியைத் தொட்டிருக்கிறது. பொங்கும் இடத்துக்குக் கீழே மண் இன்னும் அன்றைக்குப் பனி விட்டபடியே இருக்கிறது, பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 8 பக்கம் போகும், அதாவது காரம். மேல் மணல் அமிலமாகத்தான் இருக்கும். ஒரு பிஎச் சோதனை செய்துகொள்ளுங்கள்.

கல் வரிசை நல்ல தடயம். பனி போன பின் டில்லின் மேற்பரப்பு கொஞ்சகாலம் திறந்து கிடந்து, ஓடும் தண்ணீரிலும் காற்றிலும் நுண்மண் போய், தூக்க முடியாத கற்கள் மட்டும் தங்கியிருக்கின்றன. மணல் அதற்குப் பிறகு வந்தது. ஒரே அளவுப் பொடி, கூழாங்கல் இல்லை என்பதால் நான் காற்றின் பக்கம்தான் சாய்வேன். அடியில் ஓரிரு அங்குலம் உருகுதண்ணீர் போட்டதாகவும் இருக்கலாம். யாராவது வந்து சண்டை போட்டால் விட்டுக்கொடுக்கும் அளவுக்குத்தான் எனக்கு இதில் பிடிவாதம்.

மரங்களுக்கு வருவோம். ஆப்பிளையும் பேரியையும் மேட்டுப் பக்கம் வையுங்கள். முதல் இரண்டு கோடை தண்ணீர் ஊற்றினால், அப்புறம் வேர் டில்லின் மேல் அரையடியைப் பிடித்துக்கொள்ளும். களியும் ஈரமும் சத்தும் அங்கேதான். குழியை டில்லுக்குள் வெட்டி, கம்போஸ்ட் நிரப்பி நடாதீர்கள். உங்கள் ட்ரை வெல்லுக்கு நடந்ததுதான் மரத்துக்கும் நடக்கும், ஏப்ரலில் வேர் அழுகும். மணலின் ஆழத்திலேயே நின்றுவிடுங்கள். 20 அங்குலத்தில் துரு தெரியும் கீழ்ச் சரிவில் பழமரமே வேண்டாம். வைத்தே தீருவேன் என்றால் ஒன்றரை அடிக்கு மேடு கட்டி அதன் மேல் வையுங்கள்.

ப்ளூபெர்ரிக்கு 4.5 முதல் 5.5 வரை பிஎச் வேண்டும். மேலோட்டமான வேர், மணல் பிடிக்கும், ஈரமும் பிடிக்கும். எனவே நடுச்சரிவு அதற்குச் சரியான இடம். ஆனால் தோண்டி எடுத்த டில்லை அந்தப் பாத்தியில் ஒரு கூடைகூடப் போடக்கூடாது. அதிலுள்ள சுண்ணாம்பு இலையை மஞ்சளாக்கிவிடும், அதைத் திருத்த கந்தகம் போட்டு மாளாது.

டெக் தூண் பற்றிக் கவலை வேண்டாம், 42 அங்குலத்தில் டில்லில் நிற்பது நல்ல அடித்தளம். வசந்தத் தண்ணீர் வடிந்து குழி காய்ந்த பிறகு கான்கிரீட் ஊற்றுங்கள்.

கொல்லைக்காரன்:

மிக்க நன்றி அக்கா. கடைசியாக ஒன்று. இந்த ட்ரை வெல்லை என்ன செய்வது? இன்னும் ஆழமாக வெட்டினால் சரியாகுமா?

குழிபார்க்கும்_அக்கா:

ஆகாது. இன்னும் அதிகமாக டில்லுக்குள்தான் போவீர்கள். கூரைத் தண்ணீரைத் தனியாக மூடிய குழாயில் சரிவின் கீழே கொண்டுபோய் வெளியே விடுங்கள். பேஸ்மென்ட்டுக்கு வேறு வழி: வீட்டைவிட உயரமான சரிவுப் பக்கத்தில், சரிவுக்குக் குறுக்கே ஒரு வடிகால் பள்ளம். ஆழம் டில் தொடங்கும் கோட்டுக்குக் கீழே ஒரு சில அங்குலம். அதற்கு மேலே நின்றால் தண்ணீர் அடியில் நழுவி வீட்டுக்கே வரும். துணி விரித்து, துளையிட்ட குழாய் வைத்து, ஜல்லி போட்டு, நூறு அடிக்கு ஓரடியாவது வாட்டம் கொடுத்து, மனையின் தாழ்ந்த பக்கத்தில் திறந்துவிடுங்கள். பக்கத்து மனைக்குள் பாயாத இடமாகப் பாருங்கள், அண்டை வீட்டாரோடு வழக்குக்குப் போக வேண்டாம். குழாயின் வாயில் கம்பி வலை போடுங்கள், இல்லையென்றால் எலியும் சிப்மங்க்கும் உள்ளே குடும்பம் நடத்தும். பள்ளம் வெட்டும் ஆளிடம் ஆழத்தை அங்குலத்தில் சொல்லாதீர்கள். மண் மாறும் கோட்டைக் காட்டி, அதற்குக் கீழே போ என்று சொல்லுங்கள். உங்கள் மனையில் அது இரண்டடியிலும் இருக்கிறது, மூன்றடியிலும் இருக்கிறது.